மழை பெய்த ஒன்பதாம் நாள்

"பூமலைக்கு எந்த மாதம் போனால் நிறையப் பூ பார்க்கலாம், டீச்சர்?"

உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி ஒருவர் வகுப்பில் கேட்ட கேள்வி இது. ஜப்பானில் வசந்தம் வந்தால் செர்ரி பூக்கிறது. நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வடக்கே. ஆண்டு முழுவதும் நமக்குப் பகல் சுமார் 12 மணி நேரம்தான். வசந்தமும் இல்லை, இலையுதிர்காலமும் இல்லை. அப்படியிருக்க, இங்குள்ள செடிகள் எதைப் பார்த்துப் பூக்கின்றன?

பதிலைத் தேட, சிங்கப்பூர்ப் பூமலையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1859ல் தொடங்கப்பட்ட இந்தத் தோட்டம், 2015ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. அதிகாலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். நுழைவுக் கட்டணமும் இல்லை. உள்ளே இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும்.

குளிர்ந்தால் விழிக்கும் மொட்டு

நான் மாணவர்களுக்குக் காட்ட விரும்பியது சீட்டு வாங்காமலே பார்க்கக்கூடிய ஒரு பூ: புறா ஆர்க்கிட். பறக்கும் புறாவைப் போன்ற வெள்ளைப் பூ, நல்ல மணம். இது ஒரு தொற்றுத்தாவரம். மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும். ஆனால் அந்த மரத்திலிருந்து உணவை உறிஞ்சாது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களிலும் இதைக் காணலாம்.

இதன் மொட்டு ஓரளவு வளர்ந்ததும் நின்றுவிடும். வாரக்கணக்கில் அப்படியே உறங்கும். ஒரு நாள் பிற்பகலில் இடியுடன் பெருமழை கொட்டும். காற்றின் வெப்பநிலை சட்டென்று 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இறங்கும். அந்தத் திடீர்க் குளிர்ச்சிதான் சைகை. மொட்டு மீண்டும் வளரத் தொடங்கி, சுமார் ஒன்பது நாள் கழித்து விடியற்காலையில் விரியும். அன்று இரவுக்குள் வாடிவிடும்.

மழைநீரால்தான் பூக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மழையே படாமல் செடியைச் செயற்கையாகக் குளிரவைத்தாலும் மொட்டு விழித்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் நாம் 'மாறிகள்' என்று படிக்கிறோமே, அதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மழை வரும்போது நீரும் வருகிறது, குளிர்ச்சியும் வருகிறது. இரண்டையும் பிரித்துச் சோதித்தால்தான் உண்மையான காரணம் தெரியும்.

என் கணக்கு தவறியது

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கனமழை பெய்தது. நான் விரல்விட்டு எண்ணி, "அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பூமலையில் சந்திப்போம்" என்று மாணவர்களிடம் சொன்னேன். இருபது பேர் தூக்கக் கலக்கத்தோடு வந்தார்கள். மரத்தை அண்ணாந்து பார்த்தோம். பருத்த மொட்டுகள் இருந்தன. பூ ஒன்றுகூட இல்லை. "அறிவியல் பொய் சொல்லுமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

மறுநாள் காலை அவனே ஒரு படம் அனுப்பினான். அவன் புளோக்குக்கு எதிரே உள்ள மரம் முழுவதும் வெள்ளைப் புறாக்கள்! பிழை அறிவியலில் இல்லை, என் எண்ணிக்கையில்தான். மழை பெய்த நாளையே ஒன்று என்று எண்ணிவிட்டேன். அதைச் சுழியம் என்று வைத்திருந்தால் ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை வகுப்பில் என் தவற்றைச் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினேன். அதற்குள் பூக்கள் அனைத்தும் துவண்டு தொங்கின.

ஒரே நாளில் ஏன்?

பூவின் ஆயுள் ஒரு நாள்தான். தன் மரத்தில் மட்டும் தனியாகப் பூத்தால், தேனீ வேறொரு செடியின் மகரந்தத்தை எங்கிருந்து கொண்டுவரும்? ஒரே மழையில் நனைந்த வட்டாரம் முழுவதும் ஒரே நாளில் பூத்தால், அயல் மகரந்தச் சேர்க்கைக்கு வாய்ப்பு பெருகும். நாள்காட்டி இல்லாத செடிகள் ஒன்றுக்கொன்று நாள் குறித்துக்கொள்ளும் வழி இது. நான் ஒரு நாள் தவறினால் ஒரு காலைத் தூக்கம் போகும். செடி ஒரு நாள் தவறினால் விதை உருவாகும் வாய்ப்பே போய்விடலாம்.

எல்லாப் பூக்களும் இப்படியல்ல. நம் ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரம் பூமலையில்தான் நிற்கிறது. தெம்புசு பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பூக்கும். அந்தி சாயும் நேரத்தில் மணம் வீசும். 1981ல் நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் ஒரு கலப்பினம். வெயில் நன்றாகப் பட்டால் ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருக்கும்.

நீங்களும் செய்து பாருங்கள்

அடுத்த பெருமழையின்போது தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்பும் பின்பும் வெப்பநிலையை அளவெடுங்கள். அந்த நாளைச் சுழியமாக வைத்து எண்ணுங்கள். எட்டாம் நாள் முதலே காலையில் மரங்களை அண்ணாந்து பாருங்கள். பூக்காவிட்டால் அதையும் எழுதி வையுங்கள். குளிர்ச்சி போதாமல் இருந்திருக்கலாம், மொட்டு தயாராகாமலும் இருந்திருக்கலாம். பூவைப் பறிக்க வேண்டாம். அதற்கு இருப்பது ஒரே ஒரு நாள்.

அந்த மாணவியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: எந்த மாதம் என்று கேட்காதே அம்மா, மழை என்று பெய்தது என்று கேள்.