பாதி மாசத்துல நெட் போட்டா பில் எவ்வளவு வரும்?

ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 14-ல முடியுது. கையில காசு புரள ஆரம்பிச்சதும், 16-ம் தேதி வீட்டுக்கு ஃபைபர் நெட் போடுறீங்கன்னு வெச்சுக்குவோம். மாச வாடகை 600 ரூபாய். ஜூன்ல மிச்சம் 15 நாள்தான். அதனால வாடகை 300, அதுக்கு 18% ஜி.எஸ்.டி 54, ஆக 354 ரூபாய்.

ஆனா, முதல் பில் 1,062-னு வந்தா பதறாதீங்க. சில நிறுவனங்கள் ஜூலை வாடகையையும் முன்கூட்டியே சேர்த்துடும். 900 ரூபாய்க்கு வரி 162. ரவுட்டர் டெபாசிட் இருந்தா அது தனி. அடுத்த பில்லில் அதே ஜூலை வாடகை மறுபடியும் இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தா கஸ்டமர் கேர்ல புகார் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிடுங்க.

ப்ரீபெய்டுல இந்தக் குழப்பமே இல்லை. போட்ட நாள்லேருந்துதான் கணக்கு. வருமானம் ஏறி இறங்குற வீட்டுக்கு அதுதான் தோது. போஸ்ட்பெய்டுன்னா, ஏப்ரல் 15-ல தடை ஆரம்பிச்சு படகு கரையில நின்னாலும் வாடகை ஓடிக்கிட்டே இருக்கும்.