கண்ணாடிக்குள் ஓர் ஆறு – 11: கலயத்துக் காவல்காரன்

போன பொங்கலுக்குக் கேம்பல் லேனில் பானை வாங்கியபோது, மகள் அடம்பிடித்து வாங்கிய சின்ன மண்கலயம் ஒன்று வருடம் முழுக்கச் சமையலறை மூலையில் கிடந்தது. சாயமோ மெருகோ இல்லாத வெறும் மண். டிசம்பரில் ஒரு நாள் அதைக் கழுவி, தண்ணீரில் ஊறப்போட்டு, கூடத்தில் இருக்கும் இரண்டடித் தொட்டிக்குள் படுக்கவைத்தேன். மூன்றாவது வாரம், கலயத்தின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு மீன் உள்ளே கிடந்தது. வெள்ளரித் துண்டு போட்டும் அசையவில்லை. கைபேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். அதன் வயிற்றுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில், ஊறிய ஜவ்வரிசியை அப்பிவைத்தாற்போல் ஒரு முட்டைக் கொத்து.

“அப்பா, அம்மா மீன் காவல் காக்குதா?”

“அது அம்மா இல்லம்மா. அப்பா.”

மகள் நம்பவில்லை. அவள் அம்மாவும்தான்.

சென்ற வாரம், சன்னலோரத் தொட்டியில் பச்சைப் பாசி படர்ந்த கதையைச் சொல்லியிருந்தேன். பாசி என்றதும் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: “ரெண்டு கிளீனர் வாங்கிப் போடுங்க.” சென்னைக் கொளத்தூரில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். எங்கள் புளோக்கில் எதிர்வீட்டு மலாய் மக்சிக் அதை ‘இக்கான் பண்டாராயா’ என்பார். மாநகராட்சி மீன் என்று பொருள். இந்தோனேசியாவில் ‘சாப்பு சாப்பு’, அதாவது துடைப்பம். எந்த மொழியில் கூப்பிட்டாலும் அந்த மீனுக்கு வேலைதான் பெயர்.

ஆனால் அந்த ஒரு பெயருக்குள் வெவ்வேறு மீன்கள் ஒளிந்திருக்கின்றன. எல்லாம் லோரிகாரிடே என்ற தென்னமெரிக்கக் கெளுத்திக் குடும்பம். ஏறக்குறைய 1,000 இனங்கள். கடையில் விரல் நீளத்தில் மலிவாகக் கிடைக்கும் சக்கர் மீன் வளர்ந்தால் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். இரண்டடித் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாது. ஓட்டோ என்று செல்லமாக அழைக்கப்படும் ஓட்டோசின்க்ளஸ் 4 சென்டிமீட்டர்தான். இலை நோகாமல் பாசி மேயும். ஆனால் பெரும்பாலும் ஆற்றிலிருந்து பிடித்து, பட்டினியாகவே கடல் கடந்து வருவது. நான் முதலில் வாங்கிய ஆறில் இரண்டுதான் மாதக் கடைசிவரை இருந்தன. வீட்டில் அது முட்டையிடுவதும் அபூர்வம். மூன்றாவதுதான் நம் கலயத்துக்காரன்: பிரிஸ்ல்நோஸ். அறிவியல் பெயர் அன்சிஸ்ட்ரஸ். 12 சென்டிமீட்டர் வளரும். வீட்டுத் தொட்டியில் குடும்பம் நடத்தத் தயங்காது.

ஆண், பெண் அறிவது எளிது. பெண்ணுக்கு உதட்டோரம் குட்டையாகச் சில முடிகள். ஆணுக்கு மூக்கின் மேல் கிளைவிட்ட மீசைப் புதர். சேவல் கொண்டை மாதிரி வெறும் பகட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1999இல் மார்க் சபாஜ், ஜொனாதன் ஆர்ம்புரூஸ்டர், லாரன்ஸ் பேஜ் என்ற மூன்று மீனியலாளர்கள் வேறொரு கருத்தைச் சொன்னார்கள். ஏற்கெனவே குஞ்சுகளைக் காத்துக்கொண்டிருக்கும் ஆணிடம் முட்டையிடத்தான் பெண்ணுக்கு விருப்பம். அந்த மீசை குஞ்சுகளைப்போலத் தோன்றி, ‘இவனிடம் பிள்ளைகள் பத்திரமாக இருக்கின்றன’ என்று காட்டுகிறது என்பது அவர்கள் ஊகம். நம்மூர்த் தரகர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். பிள்ளைகுட்டி உள்ள மாப்பிள்ளைக்குத்தான் அங்கே மவுசு!

கலயம் ஏன் தேவைப்பட்டது என்பதும் இதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மூடிய, ஆண் உடம்பை நுழைத்தால் சரியாக அடைபடும் குகை வேண்டும். தேங்காய்ச் சிரட்டையும் போதும். இடம் பிடித்தால் பெண்ணை உள்ளே வரவிடுவான். முட்டையிட்டதோடு அவள் வேலை முடிந்தது. அப்புறம் இரவு பகலாகத் துடுப்பால் விசிறி முட்டைக்குப் புது நீர் ஓடவைப்பது அவன்தான்.

அமேசானும் சிங்கப்பூரும் பூமத்திய ரேகைக்குப் பக்கம்தானே, நம் வெயில் இந்த மீனுக்குப் பழக்கம்தானே என்று நினைத்தால் தவறு. ஓடும் ஆற்று நீரில் இருக்கும் காற்று, வீவக வீட்டுக் கூடத்தில் தேங்கி 30 டிகிரிக்குச் சூடேறிய நீரில் இருக்காது. தொட்டியின் மேல் சின்ன விசிறி ஒன்றைத் திருப்பிவைத்தால், ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும். இன்னொன்று, குழாய்த் தண்ணீர். குளோரின் போக வாளியில் ஓரிரவு பிடித்துவைப்பது ஊர்ப் பழக்கம். இங்கே தண்ணீரில் சேர்ப்பது குளோராமின். அது இரவு முழுக்க வைத்தாலும் போகாது. அதற்கான முறிமருந்தைச் சேர்க்காமல் ஊற்றினால் மீனின் செவுள் வெந்துவிடும்.

டிசம்பர் அடைமழையில், மூன்றில் ஒரு பங்கு நீரைச் சற்றே குளிர்ந்த நீராக மாற்றினேன். ஆற்றில் மழைவெள்ளம் வந்தாற்போல. அந்த வாரமே முட்டை.

ஐந்தாம் நாள் பொரித்தன. குஞ்சுகள் பிறகும் சில நாள், வயிற்றில் தொங்கும் மஞ்சள் பையைத் தின்றுகொண்டு கலயத்துக்குள்ளேயே ஒட்டியிருந்தன. எட்டிப்பார்த்ததை அப்பா வாலால் உள்ளே தள்ளினார். பிறகு ஓர் இரவில் எல்லாம் கண்ணாடியில் ஏறிவிட்டன. எண்ண ஆரம்பித்து 63இல் கைவிட்டேன்.

அன்றிலிருந்து நான் வேலைக்காரன். 63 வாய்க்குத் தொட்டிப் பாசி இரண்டு நாளைக்கு வந்தது. மூன்றாம் நாளிலிருந்து தேக்கா சந்தை வெள்ளரியும், வெந்நீரில் முக்கிய கீரையும். போட்டதை மறுநாள் காலை எடுக்காவிட்டால் நீர் நாறும். தின்றதெல்லாம் நூல் நூலாகக் கழிவாகி அடியில் படியும். குஞ்சு சாவது பெரும்பாலும் பசியாலும் கெட்ட நீராலும்தான். வாரம் இருமுறை வாளி தூக்கினேன். ‘கிளீனர்’ மீன்கள் என் தொட்டியை அதுவரை இல்லாத அளவுக்கு அழுக்காக்கியிருந்தன.

வளர்ந்தவற்றை என்ன செய்வது? “கால்வாய்லே விட்டுடலாமே, பாவம், சுதந்திரமா இருக்கும்” என்றார் ஒரு நண்பர். லிட்டில் இந்தியா ஓரம் ஓடும் ரோச்சோர் கால்வாய் மரினா நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. இந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி, 17 நீர்த்தேக்கங்கள். கால்வாயில் விடுவது குடிக்கும் குடத்தில் விடுவதற்குச் சமம். இப்படி யாரோ இரக்கப்பட்டு விட்ட சக்கர் மீன்கள்தான் இங்குள்ள நீர்நிலைகளில் வேரூன்றிக் கரையைக் குடைகின்றன. அனுமதியின்றி விட்டால் முதல்முறைக் குற்றத்துக்கே 5,000 வெள்ளிவரை அபராதம். விசாக தினத்தையொட்டித் தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, பிளாஸ்டிக் பையில் ஐந்து ஐந்தாகக் கட்டி, தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். ஐந்தாம் மாடி அண்ணன் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, இது தொட்டியச் சுத்தம் பண்ணும்ல?”

“இது பாசியச் சாப்பிடும்ண்ணே. சுத்தம் நீங்கதான் பண்ணணும்.”

வீட்டுக்கு வந்தால் கலயத்தின் வாய் மறுபடியும் அடைபட்டிருந்தது. 1970களில் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்ற நாடு இது. 1987இல் ‘வசதியிருந்தால் மூன்றும் அதற்கு மேலும்’ என்று மாற்றிக்கொண்டது. என் தொட்டிக்குப் பழைய கொள்கைதான் தாங்கும். இந்த ஈட்டுக் குஞ்சுகள் வெளியேறியதும் கலயத்தை எடுத்துவிடுவதென்று முடிவு செய்தோம். அதுவரை அவர் காவலில் யாரும் குறுக்கிடுவதில்லை.

அடுத்த வாரம்: இதே குடும்பத்தில் வரிக்குதிரைக் கோடு போட்ட இன்னொரு மீன். பிரேசிலின் சிங்கு ஆற்றில் மட்டும் வாழ்வது. அந்த ஆற்றில் அணை எழுந்த கதை.

(நீந்துவோம்)