வெயில் கொளுத்துது, பேந்தேன் ஃபான் நிண்டது?

சண்டிலிப்பாயில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஓட்டுக்கூரையின் தெற்குச் சரிவு முழுக்கச் சோலார் பனல். சித்திரை மாதத்து உச்சிவெயில். திடீரென்று கறண்ட் போகிறது, ஃபானும் நிற்கிறது. சாய்மனைக் கதிரையில் இருக்கும் அம்மம்மா கேட்கிறார்: “வெயில் இந்தக் கொளுத்துக் கொளுத்துது. பேந்தேன் தம்பி ஃபான் நிண்டது?”

நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் கூரை பத்து வீட்டு ஃபான்களையும் சுற்றவைக்கும். ஆனால் பனலுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள இன்வேற்றர் வாயை மூடிக்கொண்டுவிட்டது. பழுதில்லை. அப்படி மூடு என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இணுவில், அளவெட்டிப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரம் கேட்டவர்களுக்கு ஒத்து தெரிந்திருக்கும். ஒரே சுரத்தை விடாமல் பிடித்து நிற்கும் குழல் அது. இப்போது பெரும்பாலும் சுருதிப்பெட்டி அதன் வேலையைச் செய்கிறது. மின்சார சபையின் கம்பியிலும் ஓர் ஒத்து ஓடுகிறது: விநாடிக்கு 50 தடவை ஏறி இறங்கும் 230 வோல்ற் அலை. பனல் தருவதோ ஏறி இறங்காத நேர் மின்னோட்டம். இன்வேற்றர் கம்பியின் அலையைக் கேட்டு, அதோடு பிசகாமல் சேர்த்து வாசிக்கிறது. ஒத்து நின்றால் அதுவும் நிற்கவேண்டும்.

காரணம், தெருவில் கம்பத்தில் ஏறி நிற்கும் மனிதர். ட்ரான்ஸ்போமருக்குத் திசை தெரியாது. மேலிருந்து வரும் உயர் அழுத்தத்தை 230 ஆக இறக்குவது போலவே, வீட்டிலிருந்து போகும் 230ஐ ஆயிரக்கணக்கான வோல்ற்றாக ஏற்றியும்விடும். கறண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியில் கைவைப்பவருக்கு எங்கள் கூரையே எமனாகலாம். அதனால்தான் இரண்டு விநாடிக்குள் நின்றுவிட வேண்டும் என்கின்றன சர்வதேசத் தரங்கள்.

கறண்ட் போனது இன்வேற்றருக்கு எப்படித் தெரிகிறது? பக்கத்து வீட்டுக் கூரைகளும் சேர்ந்து ஊதிக்கொண்டிருந்தால் கம்பியில் வோல்ற் இருக்கத்தானே செய்யும்? அதற்காக இன்வேற்றர் ஓயாமல் ஒரு சின்னச் சேட்டை செய்கிறது. அலையின் வேகத்தை இம்மியளவு தள்ளிப் பார்க்கிறது. தேரை ஒருவர் தனியே தள்ளிப் பார்ப்பது போல: அசையாவிட்டால் அது தேர். தள்ளிய பக்கம் நகர்ந்தால், பின்னால் நாடளாவிய மின்வலை இல்லை என்று அர்த்தம். உடனே நிறுத்திவிடும்.

ஆகவே, கறண்ட் போனாலும் ஃபான் சுற்றவேண்டுமானால் வீட்டுக்குள்ளேயே ஓர் ஒத்து வேண்டும். பற்றரியோடு இணையும் இன்வேற்றரின் வேலை அதுதான். கறண்ட் போன கணத்தில் முதலில் அது தெருக் கம்பியை வீட்டிலிருந்து வெட்டிவிடுகிறது. பிறகு பற்றரியின் பலத்தில் தானே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் அலையை எழுப்புகிறது. கூரை இன்வேற்றர் சில நிமிடம் பொறுத்திருந்து கேட்கிறது. சுருதி சரியாக இருக்கிறதென்று கண்டதும் சேர்ந்துகொள்கிறது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். பகல் பன்னிரண்டு மணி, பற்றரி நிரம்பிவிட்டது. தெருவுக்கும் வழியில்லை. கூரையோ கொட்டிக்கொண்டிருக்கிறது. கிணற்றடி மோட்டரை யாரோ நிறுத்துகிறார்கள். அது குடித்துக்கொண்டிருந்த மின்சாரம் முழுவதும் பற்றரிக்குள் பாய்கிறது. கூரைக்கு “போதும்” என்று யார் சொல்வது? இரண்டு இன்வேற்றர்களுக்கும் நடுவில் வேறு கம்பி கிடையாது.

அங்கேதான் அழகான ஒரு தந்திரம் இருக்கிறது. பற்றரி இன்வேற்றர் தன் சுருதியைக் கொஞ்சம் ஏற்றுகிறது. 50.2 ஹேர்ட்ஸைத் தாண்டியதும் கூரை இன்வேற்றர் படிப்படியாகக் குரலைத் தாழ்த்தும். 53ஐ எட்டுமுன் முற்றாக அடங்கிவிடும். பல வீடுகளில் வைக்கும் அளவு இது. அந்தச் சுருதிக்கு அடங்கும்படி கூரைப் பெட்டியில் அமைப்புச் செய்யாவிட்டால், அது படிப்படியாகக் குறையாமல் ஒரேயடியாக விழும், எழும், மறுபடி விழும். கூரை இன்வேற்றர் பற்றரி இன்வேற்றரைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது என்று விதி வைப்பதும் அந்த மோட்டர் நிற்கும் கணத்தை நினைத்துத்தான்.

50.2 என்ற இந்த ஓர் எண் ஒரு நாட்டையே கலங்கவைத்தது. ஜேர்மனியில் ஆரம்பக் காலச் சோலார் இன்வேற்றர்கள் எல்லாம் 50.2 ஹேர்ட்ஸில் சட்டென்று நிற்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. சில ஆயிரம் கூரைகள் இருந்தவரை அதில் ஆபத்தில்லை. கூரைகள் பெருகியபோதுதான், சுருதி அந்த எல்லையைத் தொட்டால் எல்லாம் ஒரே கணத்தில் விழுந்து மின்வலையையே சாய்த்துவிடும் என்பது உறைத்தது. 2012இல் சட்டம் போட்டு, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அந்த அமைப்பை மாற்றினார்கள்.

எங்களுக்கும் அந்தப் பாடம் வந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொள்ள, இலங்கை முழுவதும் இருண்டது. குரங்கு சாட்டு மட்டுமே. விடுமுறை நாளில் தேவை குறைவு, வெயில் அதிகம். மின்சாரத்தில் பெரிய பங்கு சோலாரிலிருந்து வந்துகொண்டிருந்தது. நுரைச்சோலை, லக்சபானா மின்நிலையங்களில் சுழலும் கனத்த சில்லுகள் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். பனலில் சுழல்வது எதுவுமில்லை. அதனால் அந்த வருடச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பின்னேரம் 3 மணிவரை கூரைச் சோலாரை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. பற்றரி நிரம்பிய சண்டிலிப்பாய் வீட்டின் நிலைதான் அன்று நாட்டுக்கும்.

இனிப் பற்றரி. ஈய அமிலப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது குடத்துக்குத் தண்ணீர் வார்ப்பது போன்றது. முதலில் வாளியோடு ஊற்றலாம். வாய் நெருங்கினால் மெல்லச் சரிக்கவேண்டும். நிரம்பியபின் ஆவியாவதை மட்டும் ஈடுசெய்தால் போதும். எப்போது எந்தப் படி என்பதை, சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கொன்ரோலருக்கு வோல்ற்றில் சொல்கிறோம். 48 வோல்ற் பற்றரித் தொகுதிக்கு இரண்டாம் படி ஏறத்தாழ 57.6 வோல்ற். ஆனால் அந்த எண் 25 பாகை வெப்பத்துக்கு உரியது. சண்டிலிப்பாயில் தகரம் போட்ட அறைக்குள் பற்றரி 35 பாகையில் இருக்கும். ஒவ்வொரு பாகைக்கும் ஒவ்வொரு கலத்துக்கும் 4 மில்லிவோல்ற் குறைக்கவேண்டும்; 24 கலம், 10 பாகை என்றால் ஏறத்தாழ ஒரு வோல்ற். குறைக்காவிட்டால் பற்றரி தண்ணீரை வாயுவாக்கிக் குடித்துவிடும். இதற்கென்றே பற்றரியின் முனையில் பூட்டும் ஒரு சின்ன வெப்ப உணரி கொன்ரோலரோடு வரும். அது அட்டைப்பெட்டிக்குள்ளேயே தூங்கிவிடுவதும் உண்டு.

லிதியம் பற்றரியின் குணம் வேறு. பாதி நிரம்பியிருந்தாலும் முக்கால் நிரம்பியிருந்தாலும் வோல்ற் கிட்டத்தட்ட ஒன்றுதான். முகத்தைப் பார்த்து வயிறு கண்டுபிடிக்க முடியாது. உள்ளே போனதையும் வந்ததையும் எண்ணும் காவலாளி மின்சுற்று அதனுள் இருக்கும். ஈயப் பற்றரிக்கு மாதமொருமுறை ஏற்றும் 60க்கு மேற்பட்ட வோல்ற்றை மறந்துபோய் இதற்கும் அப்படியே விட்டால், காவலாளி கதவை அடைத்துவிடும். வெயில் கொட்டும் நேரத்தில் வழி இல்லாமற்போன மின்சாரம் மற்றப் பெட்டிகளைப் பதம்பார்க்கும்.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. 1990களில் கறண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த 6 வோல்ற்றில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். வேகம் குறைந்தால் குரல் தேயும். கூடினால் ரேடியோவுக்கு ஆபத்து. காது கேட்கும், கை திருத்தும். அன்றைக்குச் சார்ஜ் கொன்ரோலர் ஒரு மனிதரின் கைதான்.

மனிதர் எடுக்கவேண்டிய ஒரு முடிவு இன்றும் பெட்டிக்கு விடப்படுவதில்லை. பற்றரியில் எத்தனை வீதம் மிச்சம் வைப்பது? குறைவாக வைத்தால் இரவில் மின்சார சபையிடம் வாங்குவது குறையும். கூட வைத்தால் கறண்ட் போகும் இரவில் கை கொடுக்கும். தை, மாசியில் 20 வீதம் போதும். கார்த்திகை மழையில் வெயிலும் இராது, காற்றுக்குப் பனையோலை விழுந்து கம்பியும் அறும். இதற்குத் தொழிற்சாலை ஒரு விடை போட்டு அனுப்பமுடியாது.

அமைப்புச் செய்ய வந்த பெடியன் அந்த இடத்தில் விரலை நிறுத்தி நிமிர்ந்து பார்க்கிறான். மாரிக்கென்று ஒடியல் காயவைத்துப் பானையில் கட்டிவைத்த தலைமுறை சாய்மனைக் கதிரையில் இருக்கிறது.

“மழை முடியுமட்டும் பாதிக்குக் கீழ போகவிடாதை, தம்பி.”

அவன் 50 என்று போடுகிறான்.