கேன்டீன் சத்தத்தில் காக்ளியர் கருவி ஏன் திணறுகிறது? என்ன செய்யலாம்?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் ஏதாவது ஒரு ஆலை கேன்டீனில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பேசுவார்கள். சில்வர் தட்டுகள் மோதும். நல்லா காது கேட்பவரே ‘என்னப்பா சொன்ன?’ என்று குனிய வேண்டியிருக்கும். அப்படியென்றால் காக்ளியர் கருவி பொருத்தியவர் நிலைமை?

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-இல் தொடங்கியது. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதில் காக்ளியர் அறுவை சிகிச்சை உண்டு. அன்று 5 வயதில் கருவி பொருத்தப்பட்ட பிள்ளைக்கு 2025-இல் 18 வயது. டிப்ளமோ முடித்து இந்தப் பக்கம் வேலை தேடி வருகிற வயசு.

வீட்டில் கேட்குது, இங்கே ஏன் கேட்கல?

உள்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் மயிர் செல்கள் சுமார் 3,500. அந்த வேலையை காக்ளியர் கருவியில் செய்பவை 12 முதல் 22 எலக்ட்ரோடுகள்தான். ஒன்றிலிருந்து பாயும் மின்சாரம் பக்கத்து எலக்ட்ரோடின் எல்லைக்குள்ளும் பரவிவிடும். அமைதியான அறையில் ஒருவர் பேசினால் இதுவே போதும். ஆனால், நாலு பேர் குரலில் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க, குரலின் ஏற்ற இறக்கம் துல்லியமாகத் தெரிய வேண்டும். கருவி கோட்டை விடுவது அங்கேதான்.

இன்னொரு சிக்கல், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. அரசுத் திட்டங்களில் கருவி பெரும்பாலும் ஒரு காதில்தான். பின்னால் வரும் ஃபோர்க்லிஃப்ட்டின் ஹாரன் கேட்கும். எந்தப் பக்கம் என்று தெரியாது. அதனால் ஹாரனோடு சுழல் விளக்கும் இருப்பது இவர்களுக்கு உயிர் விஷயம்.

கத்திப் பேசினால் சரியாகிவிடுமா? ஆகாது. கத்தும்போது சொற்களின் வடிவம் சிதைகிறது. அதோடு, திடீர்ச் சத்தம் வந்தால் கருவி தானாகவே ஒலியைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு தட்டு விழுந்தால் எதிரில் இருப்பவர் பேச்சும் சேர்ந்து அமுங்கிவிடும்.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போங்கள்

பெரிய வித்தியாசம் தருவது தூரம்தான். திறந்த வெளியில் தூரம் பாதியானால் பேச்சின் அளவு சுமார் 6 டெசிபல் கூடும். 2 மீட்டர் தள்ளி நிற்கும் சூப்பர்வைசரின் சட்டைக் காலரில், வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில், ஒரு சின்ன வயர்லெஸ் மைக்கை மாட்டினால் கணக்குப்படி 20 டெசிபல் லாபம். பின்னணி இரைச்சல் அப்படியே இருக்க, பேச்சு மட்டும் நேராகக் கருவிக்குப் போகும். காக்ளியர் நிறுவனத்தின் மினி மைக், ஃபோனாக்கின் ரோஜர் எல்லாம் இந்த ரகம். கருவியோடு ஒத்துப்போகுமா என்று ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது, விலை கம்மியில்லை. முன்னால் வரும் குரலை மட்டும் தூக்கிக் கொடுக்கும் புரோகிராமும் பல கருவிகளில் இருக்கிறது. மேப்பிங்குக்குப் போகும்போது, வேலை செய்யும் இடத்தின் சத்தத்தை போனில் பதிவு செய்து எடுத்துப் போனால் பேச்சு சுலபமாகும்.

காசே செலவாகாத வழிகளும் உண்டு. கேன்டீனில் சுவர் ஓரமாக, இரைச்சல் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காரலாம். முகத்தைப் பார்த்துப் பேசலாம். மாஸ்க் போட்டால் உதட்டசைவும் போச்சு. ஷிஃப்ட் மீட்டிங்கில் சொல்வதை வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடலாம்.

நிர்வாகத்தின் பங்கும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும். தனியார் நிறுவனங்களும் இதில் அடக்கம். காலர் மைக், ஒளி எச்சரிக்கை போன்றவற்றை அதில் எழுதிக் கேட்கலாம்.

பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒன்று: அவர் இரண்டாவது முறை ‘என்ன?’ என்று கேட்டால், ‘ஒண்ணுமில்ல, விடு’ என்று சொல்லிவிடாதீர்கள். அதே வாக்கியத்தை வேறு வார்த்தைகளில் சொல்லிப் பாருங்கள்.