நூலகத்தின் புதிய திறவுகோல்

நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பதை 1931-ஆம் ஆண்டிலேயே நூலகத்தின் முதல் விதியாக வகுத்தவர், சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் அவ்விதியை நிறைவேற்றுவது எளிதன்று. இங்கே ஆலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன. இரவு ஷிப்ட் முடித்து விடுதிக்குத் திரும்பும் பெண், உறங்கி எழுந்து நூலகம் செல்ல நேரம் ஏது? அவள் கையிலுள்ள செல்போனுக்கே நூல் வந்து சேருமானால் எத்துணை நன்மை!

அதற்கு இரண்டு தேவை. ஒன்று கருவி; மற்றொன்று அனுமதி. கருவியைப் பற்றிப் பலரும் பேசுகிறோம். அனுமதியைப் பற்றிச் சிலரே சிந்திக்கிறோம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. அதன்படி நூலாசிரியரின் வாழ்நாளிலும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் நூலின் உரிமை அவருக்கும் அவர்தம் வாரிசுகளுக்கும் உரியது. எழுதியவரின் உழைப்புக்குப் பயன் கிடைக்க வேண்டுமன்றோ? ஆயினும் பல நூல்கள் மறுபதிப்புக் காண்பதில்லை. வாரிசுகள் எங்கிருக்கிறார்கள் என்பதும் தெரிவதில்லை. விலைக்கும் கிடைக்காமல், படியெடுக்கவும் இயலாமல் அவை அலமாரியிலேயே செல்லரித்துப் போகின்றன.

இதற்குத் தமிழகம் கண்ட வழி நாட்டுடைமையாக்கல். 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றது; பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. அதன்பின் வேறு பல எழுத்தாளர்களின் நூல்களையும், குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை வழங்கி, தமிழக அரசு நாட்டுடைமையாக்கியுள்ளது.

மற்றொரு வழி திறந்த உரிமம். இங்கே நூலாசிரியரே முன்கூட்டி அனுமதி தந்துவிடுகிறார். இவ்வகையில் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமங்கள் 2002-இல் வெளிவந்தன. என் பெயரைக் குறிப்பிட வேண்டும், வாணிபத்துக்குப் பயன்படுத்தலாகாது, மாற்றி எழுதலாகாது, மாற்றினால் அதையும் இதே உரிமத்தில் தர வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளில் வேண்டியவற்றை அவர் தேர்ந்துகொள்ளலாம். உரிமை அவரிடமே இருக்கும். எனவே படியெடுக்குமுன் நூலிலுள்ள உரிமக் குறியைப் பார்ப்பது நூலகரின் முதற்கடமை.

அனுமதியும் கருவியும் கைகோத்தால் என்ன நிகழும்? 2001-இல் தொடங்கப்பட்டு, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனம், நாட்டுடைமை நூல்களை மின்வடிவாக்கியது. அவற்றுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை தமிழ் விக்கிமூலத்தில் திறந்த உரிமத்தில் சேர்ந்தன. படமெடுத்த பக்கம் கணிப்பொறிக்கு வெறும் படமே. எழுத்துணரி என்னும் மென்பொருள் அதனை எழுத்துகளாக மாற்றுகிறது. அது துணைக்காலை 'ர' என்று படித்துவிடும். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து வடிவங்களைக் கண்டு தடுமாறும். தன்னார்வலர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் மூலப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகின்றனர். அவ்வாறு திருந்திய நூலில் ஒரு சொல்லை நொடியில் தேடலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், பார்வையற்றோருக்குக் கணிப்பொறியே வாசித்துக் காட்டும்.

படிகள் பெருகுவதில் மற்றொரு காப்பும் உண்டு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. இத்தகைய இழப்பு இனி நேராதபடி, ஈழத்து நூல்களை மின்வடிவில் காக்கும் 'நூலகம்' திட்டம் 2005-இல் தொடங்கியது.

இன்று செயற்கை நுண்ணறிவும் நூலகத்துள் நுழைந்துவிட்டது. கேட்டவுடன் விடை தருகிறது. சில வேளை இல்லாத நூலையும் இருப்பதாகச் சொல்லிவிடுகிறது! மூலநூல் திறந்திருந்தால்தான் அதன் விடையை நாம் சரிபார்க்க முடியும்.

மாணவியராகிய நமக்கும் இதில் பங்குண்டு. அனுமதியின்றி எடுத்த படிகளை வாட்ஸ்அப்பில் பரப்பாதிருப்போம். விடுமுறை நாளில் விக்கிமூலத்தில் ஒரு பக்கமேனும் பிழைதிருத்துவோம். நாம் திருத்தும் அப்பக்கத்தை, இரவுப் பணி முடித்து வரும் சகோதரி ஒருத்தி தன் ஓய்வு நேரத்தில் படித்து மகிழட்டும்!