இளைக்க வாங்கிய பொடி உயிரைக் குடித்தது! “சத்து” டப்பாவுக்குள் ஒளிந்திருக்கும் மாத்திரைகள்

மதுரை,

அந்த மாணவிக்கு வயது 19. மதுரையைச் சேர்ந்தவர். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பெண். உடம்பு கொஞ்சம் பருமன் என்று அவருக்கு மனக்குறை. செல்போனில் “யூ டியூப்” பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ கண்ணில் பட்டது. வெங்காரம் சாப்பிட்டால் கொழுப்பு கரையும், உடம்பு மெலியும் என்று அதில் சொல்லி இருந்தார்கள்.

2026-ம் ஆண்டு ஜனவரி 16-ந்தேதி. மாட்டுப் பொங்கல். ஊரெல்லாம் பாலமேடு ஜல்லிக்கட்டைப் பற்றியே பேச்சாக இருந்த நாள். அன்று அந்தப் பெண் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வெங்காரம் வாங்கினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. சீட்டு இல்லை, டாக்டர் இல்லை. உப்பு, புளி வாங்குவது போல வாங்கி வந்துவிட்டார்.

மறுநாள் அதைச் சாப்பிட்டார். வாந்தி, வயிற்றுப்போக்கு. தனியார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று வீடு திரும்பினார். ஆனால் மீண்டும் வயிற்று வலியால் துடித்தார். ரத்தப்போக்கும் ஏற்பட்டது. இரவில் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே பரிதாபமாக இறந்தார். போலீசார் வழக்குப்பதிவு செய்தனர்.

ஆசாரி பட்டறை சரக்கு

வெங்காரம் என்றால் என்ன? மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது இல்லை. தெற்கு ஆவணி மூல வீதி பக்கம் நகைப் பட்டறைகளில் போய்ப் பார்த்தால் தெரியும். தங்கத்தைப் பற்றவைக்கும்போது ஆசாரிகள் தடவுகிறார்களே, அந்த வெள்ளைப் பொருள்தான். இங்கிலீசில் போராக்ஸ். இதன் தம்பி போரிக் பவுடர் கேரம் போர்டில் தூவப்படுகிறது. எறும்பு, கரப்பானைக் கொல்லவும் இதே குடும்பத்துச் சரக்குதான் உதவுகிறது.

“அதுதான் சித்த மருந்திலேயே இருக்கே!” என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் சித்த வைத்தியர்கள் அதைப் பொரித்து, சுத்தி செய்து, நோய்க்குத் தகுந்த அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்து அது. கொழுப்பைக் கரைக்கும் சாப்பாடு அல்ல. கடையில் பொட்டலம் கட்டித் தரும் பச்சை வெங்காரம் வேறு, பக்குவம் செய்த மருந்து வேறு. இந்த வித்தியாசத்தை வீடியோவில் பேசுகிற ஆசாமி சொல்லமாட்டார்.

அளவு மீறி உள்ளே போனால் முதலில் குடல் புண்ணாகும். விடாத வாந்தியும் பேதியும் வரும். உடம்பில் உள்ள தண்ணீரெல்லாம் வெளியேறி ரத்த அழுத்தம் இறங்கும். அடுத்து சிறுநீரகம் பழுதாகும். தோல் சிவந்து உரியும், வலிப்பு கூட வரலாம். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து விஷத்தை வெளியேற்ற வேண்டும். நேரம் முக்கியம்.

பெயர் தெரியாத எமன்

இந்தப் பெண் என்ன சாப்பிட்டார் என்பதாவது தெரிந்தது. பொட்டலத்தில் இருந்தது வெங்காரம்தான். இதைவிடப் பயங்கரம் இன்னொன்று இருக்கிறது. டப்பாவின் மேல் ஒரு பெயர், உள்ளே வேறு சரக்கு.

“100 சதவீதம் மூலிகை”, “பக்க விளைவு இல்லை” என்று பச்சை இலை படம் போட்டு விற்பார்கள். பிரித்துச் சோதித்தால் உள்ளே இங்கிலீஷ் மாத்திரை தூளாகிக் கிடக்கும். டப்பாவின் மேல் அதைப் பற்றி ஒரு எழுத்து கூட இருக்காது. வாங்குகிறவருக்குத் தெரியாது. அவருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது.

இது உலகம் பூராவும் நடக்கிற மோசடி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை கண்டுபிடித்து எச்சரித்த “சத்து” சரக்குகளை ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 776. அதில் 100-க்கு 45, “ஆண்மை” சரக்கு. 41, உடம்பு இளைக்கும் சரக்கு. 12, சதை ஏற்றும் பவுடர். 157 சரக்குகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கள்ள மருந்து இருந்தது. அத்தனை கட்டுப்பாடு உள்ள நாட்டிலேயே இந்தக் கதி!

இளைக்கும் மாத்திரையில் சிபுட்ரமின்

இளைக்கும் சரக்கில் அடிக்கடி சிக்குவது சிபுட்ரமின் என்ற மருந்து. இது ஒரு காலத்தில் டாக்டர்களே எழுதிக் கொடுத்ததுதான். பசியை அடக்கும். ஆனால் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். சுமார் 10 ஆயிரம் பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்தது. 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையை நிறுத்தினார்கள். 2011 பிப்ரவரியில் இந்திய அரசும் தடை செய்தது.

கடையில் இருந்து போனது, கள்ளத்தனமாக “ஸ்லிம் டீ”, “மூலிகை கேப்சூல்” என்ற பெயர்களில் திரும்பி வந்துவிட்டது. சாப்பிட்ட நாலாம் நாளே பசி சுத்தமாக அற்றுப்போய், நெஞ்சு படபடத்து, ராத்திரி தூக்கம் வராமல் போனால், அது கொள்ளு ரசத்தின் வேலையாக இருக்க முடியாது.

“பூசினாப்ல ஆயிட்டான்!”

இளைப்பது ஒரு பக்கம் என்றால், தேறுவது இன்னொரு பக்கம். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒல்லியான பிள்ளையைப் பார்த்தால் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பது இல்லை. “என்னத்தா, பிள்ளை இப்படி நரங்கிப் போயிருக்கு? ஏதாச்சும் சத்துப் பவுடர் வாங்கிக் குடு.” கல்யாணத்துக்கு நிற்கும் பெண் என்றால் கேட்கவே வேண்டாம்.

உடம்பு தேற விற்கிற மாத்திரையிலும் பவுடரிலும் கள்ளத்தனமாகக் கலக்கப்படுவது இரண்டு. ஒன்று சைப்ரோஹெப்டடின். அலர்ஜிக்கான மாத்திரை, பசியைத் தூண்டும், தூக்கமும் வரும். இன்னொன்று டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. இது உடம்பில் நீர் கோர்க்க வைக்கும். முகம் நிலா மாதிரி உருண்டையாகும். “ஒரே மாசத்துல பூசினாப்ல ஆயிட்டான்!” என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அது சதை அல்ல, வீக்கம்.

இதே ஸ்டீராய்டுதான் மூட்டு வலி சூரணம், ஆஸ்துமா பொடி என்று பஸ் நிலையத்து ஓரங்களிலும் சந்தைகளிலும் விற்கும் சரக்குகளில் ஒளிந்துகொள்கிறது. பத்து வருஷமாக மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாட்டி இரண்டே நாளில் எழுந்து நடப்பார். கை ராசிக்காரர் என்று வைத்தியருக்கு ஊரெல்லாம் பேர் கிடைக்கும். உள்ளே என்ன நடக்கிறது? சர்க்கரை ஏறும். எலும்பு மெலியும். வயிற்றில் புண் வரும். பதுங்கிக் கிடந்த காசநோய் கூடத் தலைதூக்கும்.

இதில் இன்னொரு விபரீதம். இப்படிப்பட்ட பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்து வரலாம். பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். அவர்தான் படிப்படியாக இறக்குவார். “திட்டுவாரே” என்று மறைத்தால் நஷ்டம் யாருக்கு?

வெட்கத்தில் போகும் உயிர்

ஆண்மை லேகியம் விஷயம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இந்த லேகியத்திலும் கேப்சூலிலும் ஒளிந்திருப்பது சில்டெனபில், அதாவது வயாக்ரா மருந்து, அல்லது அதன் சாயல் மருந்துகள். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரை போடுகிறவர்கள் இதைத் தெரியாமல் சாப்பிட்டால், ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். மயங்கிக் கிடக்கிறவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிற மனைவிக்கும் மகனுக்கும் அவர் என்ன சாப்பிட்டார் என்றே தெரியாது. டாக்டர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

தங்கம் வென்றவர்களும் தப்பவில்லை

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைத்தால் தப்பு. 2010-ம் ஆண்டு டெல்லி காமன்வெல்த் போட்டியில் 4 x 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். நாடே கொண்டாடியது. அந்த அணியில் இருந்த அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோஸ் ஆகிய 3 பேரும் 2011-ல் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார்கள். உடம்பில் ஸ்டீராய்டு இருந்தது.

சீனாவில் வாங்கிய ஜின்செங் என்ற மூலிகைச் சத்துப் பொருளைத்தான் சாப்பிட்டோம், அதில் கலந்திருந்தது தெரியாது என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களுடைய உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் வேலையை இழந்தார். முதலில் ஒரு வருஷம் தடை. 2012-ல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை 2 வருஷமாக உயர்த்தியது. தெரியாமல் சாப்பிட்டேன் என்ற பேச்சு அங்கே செல்லாது.

இன்றைக்கு ஜிம்முக்குப் போகிற வாலிபர்கள் பெரிய டப்பா பவுடரைத் தோளில் சுமக்காத குறையாக அலைகிறார்கள். கொச்சியைச் சேர்ந்த கல்லீரல் டாக்டர் சிரியாக் அபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். 25 டப்பாக்களில் எழுதிய புரதம் ஒன்று, இருந்தது வேறு. சிலவற்றில் பாதிதான் இருந்தது. 100-க்கு 14-ல் பூஞ்சை நச்சு, 8-ல் பூச்சிமருந்து. இத்தனைக்கும் இவை ஒளிந்து மறைந்து விற்றவை அல்ல.

எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் பார்த்து, நாக்கால் ருசித்து கள்ள மருந்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. சோதனைச்சாலைதான் சொல்லும். ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் உண்டு.

சத்துப் பொருள் என்பது சட்டப்படி உணவு. மருந்து அல்ல. மத்திய உணவு பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க லைசென்சு எண் டப்பாவில் இருக்க வேண்டும். மருத்துவ உபயோகத்துக்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். சர்க்கரை தீரும், மூட்டு வலி போகும் என்று அதிலேயே போட்டிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது. அந்த எண்ணை ஆணையத்தின் “புட் சேப்டி கனெக்ட்” செயலியில் தட்டினால், யார் பெயரில், எந்த ஊரில் என்று காட்டும். விலாசம் பொருந்தவில்லை என்றால் போலி. எண் பொருந்தினால் மட்டும் உள்ளே இருப்பது சுத்தம் என்றும் சொல்ல முடியாது. லைசென்சு கம்பெனிக்குத்தான். ஒவ்வொரு டப்பாவையும் யாரும் திறந்து பார்ப்பது இல்லை.

சித்தா, ஆயுர்வேத மருந்து என்றால் கதை வேறு. அதற்கு மருந்து லைசென்சு எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி எல்லாம் வேண்டும். கீழமாசி வீதி பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் மிளகும் சுக்கும் கடுக்காயும் தலைமுறை தலைமுறையாக வாங்குகிறோம். அதில் குறை இல்லை. உப்பு வகை, பாஷாண வகை சரக்குகளைப் பொட்டலத்தில் வாங்கி நாமே டோஸ் போடுவதுதான் வினை. அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் காசில்லாமல் டாக்டர் பார்க்கிறார். அங்கே கேட்காத கேள்வியை செல்போனில் கேட்பானேன்?

உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். பட்டியலில் உடல் பருமன் பெயர் இருக்கிறது. சட்டம் வந்து 70 வருஷம் தாண்டியும் விளம்பரம் நின்றபாடில்லை. சுவரில் இருந்தது செல்போனுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டே நாளில் குணம் தெரிந்தாலும் உஷாராக வேண்டும். உணவு அப்படி வேலை செய்யாது.

டப்பாவை வீசாதீர்கள்

சந்தேகப்படும் உணவுப் பொருள் பற்றி தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப் புகார் அனுப்பலாம். மருந்து என்றால் மருந்து கட்டுப்பாட்டுத் துறை. உடம்புக்கு என்ன செய்வது என்று கேட்க 104-க்குப் போன் செய்யலாம்.

எதையாவது சாப்பிட்டு வாந்தி, பேதி, நெஞ்சு படபடப்பு, மயக்கம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மிச்சமிருக்கும் சரக்கையும் டப்பாவையும் பில்லையும் கையோடு கொண்டுபோக வேண்டும். பொட்டலமாக வாங்கியது என்றால் கட்டிய காகிதத்தையாவது.