தட்டை தின்றும் மாடு மெலிவதேன்?

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் மாசி கழிந்தால் மேய்ச்சல் காய்ந்து, மாடுகள் சோளத்தட்டையையே நம்பி நிற்கும். வயிறு நிறையத் தின்றும் பசு மெலிகிறது, பருவத்துக்கு வருவதில்லை என்பது பலருடைய கவலை.

தட்டையைச் செரிப்பவை மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள். அவை வேலை செய்யத் தீவனத்தில் நூற்றுக்கு 7 பங்காவது புரதம் வேண்டும். தட்டையில் 3 முதல் 4 பங்குதான் உண்டு. இந்நிலையில் கஞ்சியும் சோறும் ஊற்றித் தேற்றப் பார்ப்பது வீண். அளவு மீறினால் வயிறு புளித்து, மாடு தட்டையையும் ஒதுக்கிவிடும்.

நாளொன்றுக்கு 6 கிலோ தட்டை தின்னும் வற்றிய நாட்டுப் பசுவுக்குக் கடலைப் புண்ணாக்கு அரைக் கிலோ, தவிடு 1 கிலோ, இரு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் புரதம் ஈடாகும். கடைசி இரண்டு மாதச் சினைக்கு இன்னும் 1 கிலோ கலப்புத் தீவனம் சேர்க்க வேண்டும். பூசணம் பிடித்த புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது.

புண்ணாக்கு விலை கட்டாதவர்கள் 4 கிலோ பச்சை அகத்தித் தழை போடலாம். முருங்கை கவாத்து செய்த தழையும் ஆகும். மருந்தடித்த தோட்டத்துத் தழை மட்டும் கூடாது. புரதத்துக்கென்று யூரியாவைக் கழுநீரில் கரைத்து வைப்பது மாட்டின் உயிருக்கே ஆபத்து.